வெதுவெதுப்பின் விலை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் நிமிடத்துக்கு 914 கேலன் நீர் சுரக்கிறது. லிட்டரில் சுமார் 3,460; ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம். பைன் மலையில் பெய்யும் மழை ஆயிரக்கணக்கான அடி ஆழம் இறங்கிச் சூடேறி, 31 டிகிரி செல்சியஸில் மேலே வருகிறது. விறகுச் செலவு இல்லை. இதையே மின்சாரத்தில் செய்வதானால், 50,000 லிட்டர் தொட்டியை 10 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 580 யூனிட். ஆவியாகிப் போகும் சூட்டுக்குத் தனிக்கணக்கு.

1921-ல், 39 வயதில், இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் செயலிழந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1924-ல் இந்த ஊற்றுக் குளத்தில் இறங்கினார். ஊற்று நீரில் மருந்து இருக்கிறது என்பவர்கள் எங்கும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சூட்சுமம் எடையில் இருக்கிறது. 60 கிலோ ஆள் இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்குவது சுமார் 30 கிலோ. மார்பளவில் 20. கழுத்தளவில் 6 கிலோதான்! தரையில் அசையாத காலை நீர் ஏந்திக்கொள்கிறது. அசைக்கத் தொடங்கியதும் அதே நீர் எதிர்க்கிறது: வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. தசைக்கு அதுவே பளு. உடம்பு நடுங்காமல் வெகுநேரம் பயிற்சி செய்ய வெதுவெதுப்பு உதவுகிறது.

1926-ல் அந்த இடத்தை, பாழடைந்த விடுதியோடு சேர்த்து, சுமார் 2 லட்சம் டாலருக்கு வாங்கினார் ரூஸ்வெல்ட். சொத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! அவ்வாண்டே டாக்டர் ஹப்பார்ட் என்பவர் அங்கே 23 நோயாளிகளைக் கண்காணித்தார். எல்லோரிடமும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 23 சின்ன எண்தான். பணம் போட்டவரோ 1945-ல் அங்கேயே இறக்கும்வரை பிடிமானமில்லாமல் நடக்கவில்லை.

பிறகு ஊர்ப்பணம் வந்தது. 1934-ல் அவர் பிறந்தநாள் நடன விருந்துகளில் 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1938-ல் இளம்பிள்ளை வாத ஒழிப்பு அறக்கட்டளைக்காக வெள்ளை மாளிகைக்குத் தபாலில் வந்து குவிந்தவை 26,80,000 பத்து சென்ட் நாணயங்கள். மதிப்பு 2,68,000 டாலர்.

இந்தக் கணக்கில் ஒரு பத்தி வெகுகாலம் பூஜ்யமாகவே இருந்தது. வார்ம் ஸ்பிரிங்ஸில் சக்கர நாற்காலி தள்ளக் கறுப்பர்கள் இருந்தார்கள். நோயாளியாகச் சேர அனுமதியில்லை. நாணயம் திரட்டிய அறக்கட்டளை அவர்களுக்கென அலபாமாவின் டஸ்கீகியில் தனி மையத்துக்குப் பணம் கொடுத்தது. 1941-ல் அது திறந்தபோது படுக்கைகள் 36.