கோடு போடுவது அழுக்கல்ல, தண்ணீர்

துடைத்து முடித்த கையோடு ஜன்னல் கண்ணாடி பளபளக்கிறது. காய்ந்ததும் வெள்ளைக் கோடுகள் எட்டிப் பார்க்கின்றன. சரியாகத் தேய்க்கவில்லை என்று மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்கள். கோடு இன்னும் கூடும். அழுக்கு முதல் துடைப்பிலேயே பெரும்பாலும் போயிருக்கும். மிஞ்சியது தண்ணீர் விட்டுப்போனது. போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் நீரோடு ஆவியாவதில்லை. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிட்டால், நடுவில் மெல்லிய படலமும் விளிம்பில் தடித்த வெண்வளையமும் நிற்கும். விளிம்பு முதலில் காய்வதால் உள்ளே உள்ள நீர் அதை நோக்கி ஓடி, சுமந்து வந்ததை அங்கே இறக்கிவிடுகிறது. ஆகவே தண்ணீரைக் காயவிடாமல் வழித்தெடுப்பதே கண்ணாடி துடைப்பதில் பாதி வேலை. வெயில் ஏறிய ஜன்னலில் அதற்கு அவகாசமே கிடைக்காது.

ரப்பர் பட்டை வைத்த வைப்பர் இதற்காகவே பிறந்த கருவி. கனத்த இரும்பில் இரட்டை ரப்பர் பட்டைகளைத் திருகி முடுக்கிய பழைய வைப்பருக்குப் பதிலாக, எட்டோரே ஸ்டெக்கோனே என்ற ஜன்னல் துடைக்கும் தொழிலாளி 1936இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் லேசான பித்தளை வைப்பரை உருவாக்கினார். அதில் ஒற்றைப் பட்டைதான். ரப்பரின் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை அது நீரை ஒரே வழிப்பில் கொண்டுபோய்விடும். விளிம்பு மழுங்கினால் பட்டையைத் திருப்பிப் போட வேண்டும்; வீடுகளில் யாரும் செய்வதில்லை.

பழைய செய்தித்தாளே போதுமே என்பார்கள். போதும்தான். தாள் நீரை உறிஞ்சும், பஞ்சு உதிர்க்காது. அதுவும் தண்ணீரை அகற்றும் வேலையைத்தான் செய்கிறது. வினிகர் போதாதா என்றால், பாதிக்குப் போதும். படிந்த கால்சியம் கார்பனேட்டை அது நுரைக்கவைத்துக் கரைக்கும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு வேண்டும். கூடினால் அதுவே படலமாகும். பல வருடம் உப்புநீர் பட்டுக் கண்ணாடியே அரித்துப்போயிருந்தால் வினிகரும் கைவிரிக்கும். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில், கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை எடுத்துக்கொள்ளலாம். அதில் உப்பே இல்லை, கோடு போட அதனிடம் சரக்கு ஏது?

முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தண்ணீரே பகை. பிம்பம் காட்டும் வெள்ளிப் பூச்சு அதன் முதுகில், பெயிண்டின் காப்பில் இருக்கிறது. மேலே அடித்த திரவம் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கி, பெயிண்டின் இடுக்கில் ஏறி வெள்ளியைக் கறுக்கவைக்கும். பல குளியலறைக் கண்ணாடிகள் அடியோரத்திலிருந்து கறுத்துவருவது இப்படித்தான். திரவத்தைத் துணியில் அடித்துத் துடைத்து, விளிம்பை உலர்துணியால் ஒற்றிவிட வேண்டும்.