ஈரச் சாலைத் தேர்வில் டயர் வாங்கும் மார்க்

2023 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே விற்பனையில் இருந்த கார், வேன், லாரி டயர்களும் ஏ.ஐ.எஸ். 142 என்ற டயர் தரத்தின் ஈரப்பிடிப்பு வரம்பை எட்டியாக வேண்டும் என்பது விதி. 2022 ஜூன் 28 அறிவிக்கையின்படி, புது வடிவங்களுக்கு அந்த ஆண்டு அக்டோபரிலேயே விதி வந்துவிட்டது. சிலமலை, போடி வாசகர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: எரிபொருள் சிக்கன லேபிளில் ஸ்டார் கூடுதலாக உள்ள டயர் மழையில் வழுக்காதா?

அந்த ஸ்டார் கூடுவதும் குறைவதும் உருளும் தடையை வைத்து. அதாவது டீசல் மிச்சம். உருளும்போது சூடாகாத ரப்பர் ஈரத்தில் பிடிப்பதிலும் சற்றுச் சோம்பல்தான். சிலிக்கா கலந்து சமாளிக்கிறார்கள்.

ஈரப்பிடிப்புக்குச் சோதனை வேறு. ஏறத்தாழ 1 மி.மீ. தண்ணீர் நிற்கும் தடத்தில், கார் டயரானால் 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை பிரேக் பிடிக்கிறார்கள். ஓடிய தூரம் மார்க் ஆகாது. அதே தடத்தில் ஒரு ஒப்பீட்டு டயரையும் ஓட்டி, இரண்டுக்குமான விகிதத்தை எடுக்கிறார்கள். தடம் வழவழப்பாக இருந்தால் இரண்டுக்கும்தான் பாதிப்பு. எனவே எங்கே சோதித்தாலும் எண் பெரிதாக மாறாது. கெட்டிக்கார ஏற்பாடு. சாதாரண கார் டயருக்கு 1.1 வந்தால் பாஸ்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஐரோப்பாவில் 1.55 வாங்கிய டயர் ‘ஏ’, 1.1 வாங்கியது ‘டி’ என்று ஸ்டிக்கரே காட்டிக்கொடுக்கும். இங்கே இரண்டும் வெறும் பாஸ். போதாக்குறைக்கு, சோதனைக்குப் போவது புத்தம்புது டயர், பிரேக் பிடிப்பது நேர்கோட்டில். போடிமெட்டு ஏறும் சாலையில் முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே தேவை பக்கவாட்டுப் பிடிப்பு, அதுவும் பட்டன் பாதி தேய்ந்த பிறகு. 1.6 மி.மீ. வரை தேய்த்து ஓட்டச் சட்டம் விடுகிறது. அப்போது இந்த டயர் என்ன மார்க் வாங்கும்? தரம் அதைக் கேட்பதே இல்லை. ‘பாதுகாப்பான டயர்’ என்று விளம்பரம் வந்தால், புதிதாக இருக்கும்போது என்று சேர்த்துப் படியுங்கள்.

இனி மற்ற சந்தேகங்கள். இதே தரம் அளக்கும் சத்தம்? என்ஜினை அணைத்து, 80 கி.மீ. வேகத்தில் உருளவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. சாலையோர வீட்டுக்காரருக்கான கணக்கு. காருக்குள் கேட்பது வேறு. போடிமெட்டுச் சாலையில் 80இல் போகிறவருக்கு டயர் சத்தமா கவலை?

கோடை டயர் என்று தனியாக உண்டா? நம் கடைகளில் பெரும்பாலும் விற்பதே அதுதான்.

பைக்குக்கு? இந்த விதி இல்லை.

தயாரித்த தேதி? பக்கச்சுவரில் 3522 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

நைட்ரஜன் அடித்தால்? ஈரப்பிடிப்பு அதிகரிக்காது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால்? முன்சக்கரம் இழுக்கும் காரானாலும், புதியது பின்னால்.