கடந்தநிலைத் தத்துவமும் திரைப்படக் கலையும்

‘கடவுள்’ என்னும் சொல்லுக்கு, எல்லாவற்றையும் கடந்து நிற்பதும் எல்லாவற்றினுள்ளும் உறைவதுமாகிய பொருள் என விளக்கங் கூறும் மரபொன்று நம்மவரிடையே உண்டு. கடத்தலும் உள்ளுறைதலும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், அவ்விரண்டும் ஒரு பொருளின் இரு நிலைகளே என்பது சைவமும் வேதாந்தமும் பயின்றோர்க்குப் புதிதன்று. இக்கருத்தையே தமக்குரிய மொழியிலும் சூழலிலும் வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்துரைத்தோர் அமெரிக்க அறிஞர் சிலர். அவர்தம் கொள்கை ‘டிரான்செண்டெண்டலிசம்’ எனப் பெயர் பெற்றது. தமிழில் அதனைக் கடந்தநிலைத் தத்துவம் எனலாம். அத்தத்துவம் இக்காலத் திரைப்படக் கலையைச் சென்று சேர்ந்தவாற்றையும், அவ்வழியில் கண்டி மாநகர்க்கு உரிய இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வியக்கத்தின் தலைவராகப் போற்றப்படுபவர் ரால்ப் வால்டோ எமர்சன் (1803–1882). பொஸ்டன் நகரிற் பிறந்து, கிறித்தவத் திருச்சபையில் மதகுருவாகப் பணியாற்றி, 1832ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, பின்னர் கொங்கோட் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். 1836ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘இயற்கை’ என்னும் சிறுநூலே இவ்வியக்கத்தின் தோற்றுவாய் என்பர். அவர்தம் கொள்கையை மூன்று கூறுகளாகத் தொகுத்துரைக்கலாம். இயற்கை உயிரற்ற பொருட்குவியலன்று; அது பேரான்மாவின் வெளிப்பாடு என்பது முதலாவது. ஒவ்வொரு மனிதனுள்ளும் உண்மையை நேரே உணரவல்ல அகவொளி உண்டு என்பது இரண்டாவது. அவ்வொளியின்வழி எழும் மனச்சான்று, வழக்கத்திற்கும் அரசாணைக்கும் மேற்பட்டது என்பது மூன்றாவது.

இக்கொள்கை உருப்பெறுதற்குக் கீழைத்தேய நூல்களும் துணைபுரிந்தன. சாள்ஸ் வில்கின்ஸ் 1785ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட பகவத்கீதை மொழிபெயர்ப்பு எமர்சனின் கைக்கு எட்டியது 1845ஆம் ஆண்டிலாகும். அதனை அவர் பௌத்த நூலெனத் தவறாகக் குறித்தமை சுவையான செய்தி. தலதா மாளிகையின் அண்மையிலே நாதர், விஷ்ணு, பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் நிற்கக் காணும் கண்டியார் அத்தவற்றைக் கண்டு முறுவலிப்பர். எனினும், அவ்விரு நெறிகளும் அருகருகே வாழக்கூடும் என்பதையும் அவர்களே நன்கறிவர். எமர்சனின் இளைய நண்பரான ஹென்றி டேவிட் தோரோ (1817–1862), 1845ஆம் ஆண்டு யூலை முதலாக இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் வோல்டன் குளக்கரையிற் சிறுகுடில் அமைத்து வாழ்ந்தார். அவ்வாழ்வின் பயனாக 1854இல் வெளிவந்த ‘வோல்டன்’ நூலில், கீதையைத் தாம் பயின்றமை கூறி, அக்குளத்து நீர் கங்கை நீரோடு கலப்பதாகவும் கற்பனை செய்கின்றார்.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குளக்கரையில் இருந்து பறவையையும் பனியையும் பார்த்துக்கொண்டிருந்த அதே தோரோ, அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846ஆம் ஆண்டில் ஓரிரவு சிறையிலிருந்தார். அச்செயலின் விளைவாகவே 1849இல் ஒத்துழையாமை பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை எழுந்தது. ஆழ்ந்து காணும் கண்ணும் அநீதிக்கு அஞ்சாத மனச்சான்றும் அவரிடத்தே பிரிவின்றி நின்றன. இத்தத்துவத்தின் வழிவந்த எக்கலையையும் அளந்தறிதற்கு இதுவே ஏற்ற அளவுகோலாகும்.

இனி, திரைப்படத்தை நோக்குவோம். லுமியேர் சகோதரர்கள் பாரிசு நகரில் அசையும் படத்தை மக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டியது 1895ஆம் ஆண்டில். எமர்சன் மறைந்து அப்பொழுது பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. எனினும், ‘இயற்கை’ நூலில் அவர் வருணிக்கும் அனுபவமொன்று படக்கருவிக்கு முன்னறிவிப்புப் போல அமைந்துள்ளது. வெட்டவெளியில் நிற்கும் ஒருவன் தன்முனைப்பு நீங்கி, தான் ஒன்றுமில்லாதவனாய், யாவற்றையும் காணும் தெளிந்த விழியாகவே ஆகிவிடுகின்றான் என்பது அவர் கருத்து. படக்கருவியின் கண்ணும் ‘நான்’ என்னும் எண்ணமின்றியே முன்னுள்ளதை ஏற்கின்றது. அக்கண்ணை எதன்மீது, எவ்வளவு நேரம், எத்தகைய உள்ளத்தோடு நிறுத்துவது என்பதிலேயே கலைஞனின் பொறுப்புத் தொடங்குகின்றது.

அமெரிக்கத் திரைப்படங்களில் இத்தத்துவம் வெளிப்படையாகவே வந்த இடங்களும் உள. டக்ளஸ் சேர்க் இயக்கி 1955இல் வெளிவந்த ‘ஓல் தட் ஹெவன் அலவ்ஸ்’ என்னும் படத்தில், ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி வாழும் கைம்பெண் ஒருத்தி, தான் விரும்பும் தோட்டக்காரனின் நண்பர் இல்லத்தில் ‘வோல்டன்’ நூலை எடுத்து வாசிக்கின்றாள். படத்தின் முழுப் போராட்டமும் அந்நூலின் பொருளோடு இணைந்து நிற்கின்றது. பீட்டர் வியர் இயக்கிய ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ (1989) என்னும் படத்தில் பாடசாலை மாணவர் குகையொன்றிற் கூடித் தோரோவின் வாசகங்களை ஓதுகின்றனர். அவர்களுள் ஒருவன் தந்தையின் அடக்குமுறையால் உயிர்துறக்கும் துயரமும் அதிலே காட்டப்படுகின்றது. அகவொளியைப் பின்பற்றுதல் எளிய விளையாட்டன்று என்பது அதனாற் பெறப்படும்.

வாசகங்களை எடுத்தாளுதல் மேலோட்டமான செல்வாக்கு எனின், பார்க்கும் முறையையே மாற்றியமைத்தல் ஆழ்ந்த செல்வாக்காகும். ஹாவார்ட் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கவெல் இவ்வகையில் முதன்மையானவர். 1971இல் திரைப்படத்தின் இயல்பு பற்றியும், 1972இல் ‘வோல்டன்’ பற்றியும் அடுத்தடுத்து நூல்களியற்றிய அவர், 1981இல் ஹொலிவூட்டின் நகைச்சுவைப் படங்கள் ஏழினை ஆராய்ந்தார். பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் உரையாடிக் கூடும் அப்படங்கள், தன்னைத் தானே திருத்திக்கொண்டு உயரும் மனிதனைப் பற்றிய எமர்சனின் சிந்தனையை ஏந்தி நிற்பன என்பது அவர் முடிபு. அவரிடம் தத்துவம் பயின்றவரே டெரன்ஸ் மலிக். அவர் இயக்கிய ‘த தின் ரெட் லைன்’ (1998) என்னும் போர்ப்படத்திலே, குண்டுமாரிக்கு நடுவிலும் புல்லும் பறவையும் ஒளியும் காட்டப்பெறுகின்றன. மனிதர் யாவரும் ஒரே ஆன்மாவின் கூறுகளோ என ஒரு போர்வீரனின் குரல் வினவுகின்றது. எமர்சன் 1841இல் எழுதிய ‘பேரான்மா’ என்னும் கட்டுரையின் எதிரொலி அவ்வினாவிற் கேட்கப்படுகின்றது.

இத்துறையிற் பயில்வோர் மயங்குதற்கு இடமான ஒரு சொற்பொருத்தமும் உண்டு. 1972ஆம் ஆண்டில் போல் ஷ்ரேடர், திரைப்படத்தின் ‘கடந்தநிலைப் பாணி’ பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தோர் யப்பானியராகிய ஓசு, பிரெஞ்சுக்காரராகிய பிரேசோன், டென்மார்க்கினராகிய டிரேயர் ஆகியோர். எமர்சனின் இயக்கத்திற்கும் இவர்களுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அன்றாட வாழ்வைச் சிக்கனமாகக் காட்டுதல், அவ்வாழ்வினுள் ஒரு முரணைத் தோற்றுவித்தல், இறுதியில் அசைவற்ற அமைதியிற் கொண்டு நிறுத்துதல் என மூன்று படிகளை அவர் இப்பாணிக்கு வகுத்தார். இதற்கு அவர் துணைக்கொண்ட அறிஞருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். கண்டியின் பெயர் இவ்வரலாற்றில் இடம்பெறுவது இவ்விடத்திலேயே.

சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய் 1877ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, நிலவியல் அறிஞராக இலங்கைக்கு மீண்டு, கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். மலைநாட்டிற் பாறைகளைத் தேடிச் சென்றவர், அங்குள்ள கைவினைஞரைக் கண்டார். 1905ஆம் ஆண்டில் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கலைகளையும் அழியவிடலாகாது என வேண்டினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். புத்தர் சிலைக்குக் கண் எழுதும் ‘நேத்திர மங்கலம்’ என்னுஞ் சடங்கை அவர் அந்நூலில் விரித்துரைக்கின்றார். கண் எழுதும் கைவினைஞன் சிலையின் முகத்தை நேரே நோக்காது, கண்ணாடியிற் பார்த்தே எழுதுகின்றான். குடமுழுக்கின்போது நம் ஆலயங்களில் விக்கிரகங்களுக்குக் கண் திறக்கும் கிரியையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. பார்வை என்பது அச்சத்தோடும் தூய்மையோடும் அணுகற்பாலதொரு புனிதச் செயல் என்பதே இவ்விரு வழக்குகளின் உட்பொருள்.

1917ஆம் ஆண்டு முதல் பொஸ்டன் அரும்பொருட் காட்சிச்சாலையிற் பணியாற்றிய குமாரசுவாமி, எமர்சனின் ஊர்க்கு அணித்தாகவே தம் பிற்கால வாழ்வைக் கழித்து, 1947இல் மறைந்தார். ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசியக் கலைஞன் கண்முன் தோன்றுவதைப் படியெடுப்பவனல்லன். தியானத்தால் உள்ளத்தில் உருவைக் கண்டு பின்னரே அதனை வடிக்கின்றான் என்றும், இடைக்கால ஐரோப்பியக் கலையும் அந்நெறியினதே என்றும் அவர் நிறுவினார். பிரேசோனின் படங்களை விளக்கப் புகுந்த ஷ்ரேடருக்கு இக்கருத்தே கைகொடுத்தது.

அதே 1934ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு படமும் உருவாயிற்று. தேயிலைப் பிரசாரச் சபையின் பொருளுதவியுடன், ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்பதே அது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ் எழுதி, 1681இல் அச்சேறிய நூலின் பகுதிகளை லயனல் வென்ட் வாசிக்க, நான்கு பகுதிகளாக அப்படம் அமைகின்றது. முதற்பகுதியில் யாத்திரிகர் சிவனொளிபாத மலையேறுகின்றனர். மணியோசை எழுகின்றது, பறவையொன்று சிறகடித்துப் பறக்கின்றது, ஓசையும் பறவையும் நீரையும் மலையையும் கடந்து செல்ல, காட்சி பொலனறுவைச் சிலைகளின் அமைதியிற் சென்று ஒடுங்குகின்றது. இறுதிப் பகுதியிலே நித்தவெல உக்குவா, அமுனுகம சுரம்பா முதலிய கண்டிய நடனக் கலைஞர் ஆடுகின்றனர். தேயிலைக்கு விளம்பரமாக எண்ணப்பட்ட படம், வழிபாடு போன்ற ஒன்றாய் முடிந்தது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

ஆயினும், முற்கூறிய அளவுகோலை இப்படத்திற்கும் இடுதல் முறையாகும். மூன்றாம் பகுதியில் வாணிகக் குரல்கள் ஒலிக்கின்றன. யானை மரத்தைச் சாய்க்கும் காட்சியின்மேல் சந்தை விலை கூறும் குரல் படர்கின்றது. பழைய வாழ்வுக்கும் புதிய வாணிகத்துக்கும் உள்ள முரண் அங்கே நுட்பமாகச் சுட்டப்படுகின்றது. ஆனால், அத்தேயிலையைத் தம் உழைப்பால் விளைவித்த தோட்டத் தமிழரின் வாழ்வு அப்படத்தில் விரித்துரைக்கப்படவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் அழகிய காட்சியாயின. அக்கைகளுக்குரியோரின் லயமும் கூலியும் பசியும் காட்சியாகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்ட வரலாற்றை நினைவார்க்கு, இம்மௌனம் சிறிதாகத் தோன்றாது. இயற்கையையும் வழிபாட்டையும் அவ்வளவு ஆழ்ந்து கண்ட கண், அருகில் நின்ற மனிதரைக் கடந்து சென்றுவிட்டது.

ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1984இல் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசைப் படமொன்றின் சிற்றூர்க் காட்சிகள் கண்டிக்கு அண்மையிற் படமாக்கப்பட்டன. கதை நிகழிடம் இந்தியா எனக் கூறப்பட்டது. அங்கே மலைநாடு தன் பெயரையும் இழந்து வெறும் பின்னணித் திரையாயிற்று. ரைட்டின் படத்திலுள்ள குறை ஒரு பாதி காணாமை; இப்படத்திலோ காண வேண்டும் என்னும் எண்ணமே இல்லை. இவ்வேறுபாட்டை உணர்தல் திரைப்படம் பயில்வோர்க்கு இன்றியமையாதது.

காட்சியும் மனச்சான்றும் ஒருங்கு நிற்றல் இயலாததன்று. தென்னாபிரிக்காவில் தோரோவின் கட்டுரையைப் பயின்று, தம் அறப்போருக்கு அதன்கண் துணைவலி கண்ட காந்தியடிகள், 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்தபொழுது கண்டிக்கும் வந்தார். கீதை கங்கைக் கரையிலிருந்து கொங்கோட் சென்றது. அங்கே மனச்சான்றின் குரலாகி, காந்தியடிகளின் வழியே மீண்டும் கிழக்கே வந்தது. கடல்கடந்து திரும்பிய அச்செல்வத்தைப் பிறருடையதென ஒதுக்குதலும், நம்முடையதே எனத் தருக்கி வாளாவிருத்தலும் ஒருங்கே பிழையாம்.

மலைநாட்டின் பனிமூட்டத்தையும் மகாவலியின் வளைவையும் காட்டும் படங்கள் இனியும் வரும். அவற்றை நோக்குமிடத்து, ஒளி அழகாக விழுந்ததா என வினவுவதோடு அமையாது, அவ்வொளியில் எவர் முகம் தெரிகின்றது, எவர் முகம் மறைகின்றது எனவும் கல்வியாளர் வினவுதல் வேண்டும். கண் திறக்குமுன் சிலை கல்லேயாம். மனிதனைக் காணாத படமும் அத்தகையதே.