தீபம் தெரிகிறது, திருமுகம் தெரியவில்லை

கற்பூர ஆரத்தியின்போது சுடர் மட்டும் மங்கலாய்த் தெரிகிறது, சுவாமியின் திருமுகம் தெரியவில்லை என்று வருந்தும் பெரியவர்களை எல்லாக் கோயில்களிலும் காணலாம். நகரத்தில் இருப்போர் மருத்துவரை நாடிக் கண்புரையை அகற்றிக்கொள்கிறார்கள். பேருந்து எட்டிப் பாராத சிற்றூர்களிலோ, முதுமையில் பார்வை போவது விதி என்று திண்ணையோடு அமர்ந்துவிடுகிறார்கள்.

அத்தகையோரைத் தேடிச் சென்றவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. முப்பது வயதை ஒட்டிக் கடும் முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப் போயின. கனவு கலைந்தது, கண் மருத்துவம் பயின்றார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். பார்வையின்றியே திருவாரூர்க் குளத்தைத் தோண்டிய தண்டியடிகளின் நினைவு வருகிறது.

ஸ்ரீஅரவிந்தரிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அப்போது அவருக்கு வயது 58. சாய்வு நாற்காலி வாங்குவது பற்றி நாமெல்லாம் யோசிக்கும் வயது! தம் கையால் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்து, 2006இல் மறைந்தார்.

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலி என எத்தனையோ தடைகள். ஆகவேதான் மருத்துவர்களே ஊருக்குச் செல்லும் முகாம்கள் தேவைப்படுகின்றன. முன்பு பள்ளிக்கூடக் கட்டடங்களிலேயே அறுவை சிகிச்சை நடந்ததுண்டு. தொற்றுக்கு அஞ்சி, இப்போது பரிசோதனை மட்டும் ஊரில். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அன்றே வாகனத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

சென்ற ஆண்டு இத்தகைய முகாம் ஒன்றில் தொண்டு செய்யும் பேறு அடியேனுக்குக் கிட்டியது. மருத்துவம் அறியாதவனுக்கும் அங்கே வேலை உண்டு. பெயர் எழுதினேன், முதியோரைக் கைபிடித்து அழைத்துச் சென்றேன், மோர் கொடுத்தேன்.

வரிசையில் அய்யனார் கோயில் பூசாரி ஒருவர், எழுபதைக் கடந்தவர், வாகனத்தில் ஏற மறுத்துவிட்டார்.

“தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுங்கிறாக. குளிக்காம அய்யன் முன்னால எப்படிய்யா நிக்கிறது?”

கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், சில நாள்கள்தாம் என்று இளம் மருத்துவர் எவ்வளவோ எடுத்துரைத்தும் அவர் அசையவில்லை. பின்னால் நின்ற மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார்.

“மாமா, போன பொங்கலுக்கு வெளக்குன்னு நெனச்சு அய்யன் மடியில எண்ணெய ஊத்துனீக. அதப் பொறுத்தவரு இதப் பொறுக்க மாட்டாரா?”

பூசாரியே சிரித்துவிட்டார். பேரனிடம் பூசையை ஒப்படைத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அந்த மூதாட்டிக்கும் இரு கண்களிலும் முற்றிய புரை. ஆனால் அவர் ஏறவில்லை. “ஆடு ரெண்டு குட்டி போடுற நேரம். அடுத்த தடவ வாரேன்” என்றார். ஓட்டுநர் அவசரப்படுத்தினார். நானும் ‘பின்னர் வருவார்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் சென்றபோது பூசாரி என்னைக் கோயிலுக்கே இழுத்துச் சென்றார். அய்யனாரின் மண்குதிரைக்குப் பல் இருப்பதே மறந்துபோயிருந்ததாம்; ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூதாட்டியைப் பற்றி விசாரித்தேன். முந்தின வாரம் கிணற்றுப் படியில் கால் இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை, நான் செய்யவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் அவ்வூரில் முகாம். இம்முறை பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: ஆடு, மாடு, பேரப்பிள்ளை, பூசை, யார் பார்த்துக்கொள்வது? முதல் வரியில் அந்த அம்மையாரின் பெயர். அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்கி வர இரண்டு இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆடுகளுக்குப் பூசாரி பொறுப்பு.