புதுக் கிதாரும் லூஸ் கான்டாக்ட்டும்

வாங்கி வாரம்கூட ஆகாத எலக்ட்ரிக் கிதார் விட்டு விட்டு ஒலிக்கிறது. கேபிளை அசைத்தால் உயிர் வருகிறது, கையை எடுத்தால் கரகரவென்று அடங்கிவிடுகிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருப்பவர்கள் இதற்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை. வாரன்ட்டி இருந்தால் முதலில் விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் உள்ளூர் மெக்கானிக்கே போதும். ஏனென்றால் இந்த வாத்தியத்தின் மின்சுற்று அவ்வளவு எளிமையானது.

தந்திக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் ஒரு காந்தமும், பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் கமகங்களை அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுசேர்த்ததும் இதே தத்துவம்தான். பிறக்கும் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. வால்யூம், டோன் குமிழ்களைக் கடந்து அது ஜாக்குக்கு வருகிறது.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கரகரப்பு போகாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஜாக். புதுக் கிதாரில் அதன் நட்டு தளர்ந்திருப்பது சகஜம். பிளக்கைச் செருகும்போதெல்லாம் ஜாக்கும் சேர்ந்து சுழலும். பின்னால் பற்றவைத்த வயர்கள் முறுக்கேறி அறுந்துபோகும். நட்டை இறுக்கும்போதும் ஜாக் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மல்டிமீட்டர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிய கேபிள் முனையில், பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். வால்யூம் முழுதாக இருக்கட்டும். பேட்டரி இல்லாத கிதாரில் சுமார் 5,000 முதல் 15,000 ஓம் காட்டினால் பாதை சரி. பூஜ்யம் என்றால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் ஜாக் பக்கம் வயர் விட்டிருக்கிறது. 2,50,000 அல்லது 5,00,000 ஓம் அருகே நின்றால் எனக்குச் சந்தோஷம்தான்: ஜாக் முதல் வால்யூம் குமிழ்வரை நன்றாக இருக்கிறது, அதற்கு அப்பால் ஸ்விட்ச்சிலோ பிக்கப் வயரிலோதான் கோளாறு என்று அந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது.

அறுந்த வயர் கண்ணுக்குத் தெரியும். சரியாகப் பிடிக்காத பற்றவைப்பான டிரை சால்டர் ஏமாற்றும். வழக்கமான 63/37 வெள்ளீய–காரீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. குமிழின் உலோக முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அது போதிய அளவு சூடேறுமுன் ஈயத்தை வைத்தால் ஒட்டாமல் உருண்டு நிற்கும். எர்த் வயர்கள் கூடுவதும் பெரும்பாலும் அந்த முதுகில்தான்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கேட்கும் லேசான 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பழுதல்ல. அதை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைந்து, தந்தியைத் தொட்டால் குறையவில்லை என்றால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது.

இரைச்சல் போகிறது என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் கழற்றிவிடக் கூடாது. தந்தியைத் தொடும் விரல் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆடிப்பூர மேடையானாலும் கல்லூரி விழாவானாலும், ஜெனரேட்டருக்கும் மைக் செட்டுக்கும் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லிவிட்டு கேபிளைச் செருகுங்கள்.