சர்வோ இயக்கத்தில் இலக்கமுறை மின்திறன் பெருக்கிகள்

கணிப்பொறிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரத்தில் வெட்டுக்கருவி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் பிசகாமல் நிற்க வேண்டியுள்ளது. இதற்கெனச் சர்வோ அமைப்பு, கருவி இருக்க வேண்டிய இடத்தையும் இருக்கும் இடத்தையும் இடைவிடாது ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கேற்ப மோட்டாரை இயக்குகிறது. ஒப்பீட்டில் கிடைப்பது மிக நுண்ணிய சைகையே. மோட்டாரைச் சுழற்றும் வலிமையை அதற்கு அளிப்பது மின்திறன் பெருக்கியாகும்.

வீணாகும் வெப்பம்

பழைய முறைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர், பாதி திறந்த குழாயைப் போன்றது. 48 வோல்ட் மின்வழங்கியிலிருந்து மோட்டாருக்கு 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் செலுத்துவதாகக் கொள்வோம். மோட்டார் பெறுவது 240 வாட். எஞ்சிய 24 வோல்ட்டைத் தாங்கும் டிரான்சிஸ்டரிலும் 240 வாட் வெப்பமாகிறது. அதாவது, செலவிடும் மின்சாரத்தில் சரிபாதி வீண்.

இணைப்பும் துண்டிப்பும்

இலக்கமுறையில் டிரான்சிஸ்டர் வெறும் ஸ்விட்சாகவே பயன்படுகிறது. துண்டித்த நிலையில் மின்னோட்டம் இல்லை. இணைத்த நிலையில் அதன் குறுக்கே மின்னழுத்தம் மிகச் சொற்பம். ஆகவே இரு நிலைகளிலும் இழப்பு குறைவு. 0.01 ஓம் தடையுள்ள ஸ்விட்சில் 10 ஆம்பியர் பாயும்போது இழப்பு 1 வாட் மட்டுமே.

விநாடிக்கு 20,000 துடிப்புகள் எனில், ஒவ்வொன்றுக்கும் 50 மைக்ரோ விநாடி உண்டு. அதில் 25 மைக்ரோ விநாடி இணைத்தால் மோட்டாருக்குக் கிட்டும் சராசரி 24 வோல்ட். துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தை மாற்றலாம். மோட்டாரின் கம்பிச் சுருளே மின்னோட்டத்தை ஏற்ற இறக்கமின்றிச் சீராக்கிவிடுகிறது.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

இருதிசைச் சுழற்சிக்கு நான்கு ஸ்விட்சுகள் பாலம்போல் அமைக்கப்படுகின்றன. ஒரே பக்கத்தின் மேல், கீழ் ஸ்விட்சுகள் ஒருசேர இணைந்தால் மின்வழங்கி குறுக்கிணைப்புக்கு உள்ளாகி, ஸ்விட்சுகள் கணத்தில் அழியும். எனவே ஒன்று துண்டித்தபின், சுமார் 1 மைக்ரோ விநாடி பொறுத்தே மற்றது இணைக்கப்படுகிறது. இந்த இடைவெளி மிகுந்தால், மெதுவான இயக்கத்தில் துல்லியம் குறையும்.

துண்டிப்பின்போது சுருளின் மின்னோட்டம் சட்டென நிற்காது. அதற்கு வழிவிட ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இணையாக டையோடு தேவை. வேகம் குறைக்கையில் மோட்டாரே மின்னாக்கியாகி, மின்வழங்கியின் அழுத்தத்தை உயர்த்துகிறது. அதை ஏற்க மின்தேக்கியும், மிஞ்சியதைச் செலவிடத் தடையும் வேண்டும்.

துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இயக்கம் சீராகும். 20,000க்கு மேல் இரைச்சலும் செவிக்கு எட்டாது. ஆயினும் ஒவ்வொரு நிலைமாற்றத்திலும் சிறிது ஆற்றல் வீணாவதால் இழப்பும் கூடவே வளரும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே பொறியாளரின் கடமை.

இயந்திரக் கருவி ஆய்வுக்கெனப் பெங்களூரில் 1962ஆம் ஆண்டிலேயே மத்திய நிலையம் நிறுவப்பட்டது. அத்துறைக்கு உதவும் இதே தத்துவம் இன்று மின்தூக்கிகளிலும் மின்சார வாகனங்களிலும் பயன்படுகிறது. இழப்பைத் தவிர்க்கும் ஒவ்வொரு வாட்டும் உற்பத்தி செய்யப்பட்ட வாட்டுக்குச் சமமன்றோ!