மனு வேண்டாம், மருமகளே!

திருநெல்வேலிச் சீமையில் மனு எழுதத் தெரியாதவர்கள் குறைவு. "சமுகத்துக்கு அடியேன் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்து, கஷ்டங்களை வரிசையாக அடுக்கி, "கருணை கூர்ந்து" என்று முடித்தால் மனு தயார். இந்தப் பழக்கம் அந்நிய தேசத்தில் மேல்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்கும்போதும் நம் கையை விடுவதில்லை!

என் தங்கை மகள் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். சிவில் என்ஜினீயர். நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஃபுல்பிரைட்-நேரு உபகாரச் சம்பளத்துக்குப் போன வருஷம் மனுப் போட்டாள், கிடைக்கவில்லை. இந்த வருஷம் மறுபடியும் எழுதி, காகிதங்களோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள்.

"கோபப்படாமப் படிச்சுப் பாருங்க, மாமா."

இந்தியாவும் அமெரிக்காவும் 1950-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த திட்டம் இது. 2008-ல் இந்தியாவும் சம பங்காளியாகச் சேர்ந்தபோது நேருவின் பெயர் இணைந்தது. எம்.ஏ., எம்.எஸ். போன்ற படிப்புக்குப் போக விரும்புகிறவர்கள் பட்டம் பெற்றபின் மூன்று வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். என்ன படிக்கப் போகிறோம், ஏன் என்று ஒரு கட்டுரை. தன்னைப் பற்றி இன்னொன்று. மார்க்கு எத்தனை இருந்தாலும், முகம் தெரியாதவர்களுக்கு நம்மைக் காட்டுவது இந்த இரண்டும்தான்.

படித்தேன். முதல் பாராவில் ஒரு மகானின் பொன்மொழி. அடுத்ததில் "சிறு வயது முதலே என் கனவு". பிறகு அப்பாவின் கடன். கடைசியில் அந்தச் சர்வகலாசாலையின் பெருமை. அது அவர்களுக்கே தெரியாதா? பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டால்கூடக் கட்டுரை பொருந்தும்!

"அது கிடக்கட்டும், அம்மா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. அவள் ஊரில் எந்த மடையை முதலில் திறப்பது என்பது ஒரு கிழவருக்குத்தான் தெரிந்திருந்ததாம். மழை ஓய்ந்த பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ஏழு குளங்களைச் சுற்றி, ஒன்றின் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு எப்படிப் போகிறது என்று படம் வரைந்திருக்கிறாள்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"இது நம்ம ஊர்ச் சங்கதிதானே, மாமா. அமெரிக்காக்காரனுக்கு இதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறதா? டேவிட் லட்டன் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் நம் திருநெல்வேலிக் குடியானவர்களையும் பாசனத்தையும் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1985-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை அதை வெளியிட்டது. எட்டு அணைக்கட்டுகளுள்ள தாமிரபரணியின் கரையில் பிறந்துவிட்டு, எழுத விஷயமில்லை என்று நாம் சொல்லலாமா?

சென்னைத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியதை நினைத்துப் பாருங்கள். சம்பளம் வருஷத்துக்கு 20 பவுன் என்பதையும், தாம் ஏழை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ஓரிரு வரிகள்தான். பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது கணிதம். மறு வருஷம் அவர் கப்பலேறினார்.

"உன் கேள்வி என்ன, அதை அங்கே போய்ப் படிப்பானேன், திரும்பி வந்து என்ன செய்வாய்? இந்த மூன்றையும் சொல்" என்றேன். கடைசிக் கேள்வி முக்கியம். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது விதி.

கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தரும் காலம் இது. தந்தால் என்ன? நேர்முகத் தேர்வில் அந்தக் கிழவரைப் பற்றிக் கேட்டால் அதுவா வந்து பதில் சொல்லும்?

மூன்று ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதினாள். அப்பாவின் கடன் ஒரு வரியாயிற்று. கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ இவ்வளவு செஞ்சிருக்காளா?" என்றாள்.

அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். குளங்களின் படத்தை மட்டும் நகலெடுத்து, அடுத்த மழைக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.